இன்னும் அரைச் சுற்று

என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்து இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தபோதுதான் எங்கள் பழைய கார் நின்ற இடத்தில் நடுங்கத் தொடங்கியது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தடையிலோ சிக்னலிலோ ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், ஸ்டியரிங் கையில் உதறும். டேஷ்போர்டின் மேல் கிடக்கும் மாத்திரை அட்டை மெதுவாக நகர்ந்து ஓரத்துக்கு வரும். சில சமயம் இரண்டு மூன்று முறை மூச்சுத் திணறுவதுபோல இருமிவிட்டு வண்டி அணைந்தே போகும்.

எடப்பாடியில் எங்களுக்கு எட்டு பவர்லூம் தறி. அவர் அவற்றைத் தன் கையாலேயே பூட்டியவர். தறி இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "மூணாவது தறியில போல்ட் ஒண்ணு லூசாயிருக்குது, போய்ப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். காரும் அப்படித்தான். முப்பது வருடத்துக்கு மேலான கார்புரேட்டர் வண்டி. ஏசி கிடையாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் அந்தப் பித்தளை நிறச் சாமானை அவர் வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, ஒரு தாம்பாளத்தில் பரப்பி, துடைத்து மாட்டுவார். வேறு யாரும் அதைத் தொட அவர் விட்டதில்லை.

உடம்பு முடியாமல் போன பிறகு ஓட்டுவது என் வேலையாயிற்று. நாற்பத்து நான்கு வயதில் லைசென்ஸ் எடுத்தேன். செவ்வாயும் வெள்ளியும் காலையில் கொங்கணாபுரம், மகுடஞ்சாவடி வழியாக சேலத்துக்குப் போவோம். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி. நான்கு மணி நேரம் மிஷினில் படுத்திருப்பார். மத்தியானத்துக்கு மேல் திரும்புவோம். அவர் பின்சீட்டில் தலையணை வைத்துப் படுத்துக்கொள்வார்.

நடுக்கத்தை முதலில் சொன்னது நானல்ல. படுத்தபடியே அவர் சொன்னார்: "ஐடில் செரியில்ல புள்ள. நின்னு ஓடறப்ப ஒரு சிலிண்டர் சோம்பிக் கெடக்குது."

மின்வாரியம் மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும். அன்றைக்கு எங்கள் தெருவில் தறிகள் எல்லாம் நின்றுவிடும். காதுக்குள் ஏதோ பிடுங்கிப் போட்டதுபோல இருக்கும். எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு அதுதான் நல்ல நாள் என்று அவர் காத்திருந்தார். தறிக்கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். இடது கையில் டயாலிசிஸ் ஊசி போடும் இடம் இருந்ததால் அந்தக் கையால் எதையும் அழுத்தித் திருகக் கூடாது. வலது கை மட்டும் வைத்து ஸ்பேனர் பிடிக்க முடியாது. அதனால் காது அவருடையது, கை என்னுடையது.

"பிளக்கைக் கழட்டு. நாலும் வரிசையா வெய்யி. மாத்திராத."

கழற்றி ஒரு பழைய துணியில் வரிசையாக வைத்தேன். மூன்று பிளக்கின் முனை செங்கல் நிறத்தில் இருந்தது. நாலாவது, ஓட்டுநர் பக்கத்துக்கு ரொம்பக் கிட்ட இருப்பது, சுண்ணாம்பு தடவியதுபோல வெளுத்திருந்தது. அதைக் கையில் வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் பெட்ரோல் பத்தல," என்றார்.

கார்புரேட்டரில் ஐடில் ஜெட் என்று ஒரு சின்னத் திருகாணி உண்டு. தலைமுடி போகிற அளவுக்குத்தான் அதில் ஓட்டை. அதைக் கழற்றி வாயால் ஊதி, வானத்துக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். தெரிந்தது. மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்தோம். நடுக்கம் அப்படியே இருந்தது. எஞ்சின் சூடாகும்வரை 'டிக் டிக்' என்று ஒரு மெல்லிய சத்தமும் வந்தது. அது என்ன என்று கேட்டேன். "டேப்பட் சத்தம், உள்ள வால்வு தட்டறது. பழைய வண்டின்னா இருக்கும், அத உடு," என்றார்.

அப்புறம்தான் மிக்ஸர் ஸ்க்ரூவுக்கு வந்தார். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் அந்தத் திருகை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே திருப்பினால் கூடும்.

"அரைச் சுத்து வெளிய திருப்பு."

திருப்பினேன். எஞ்சின் சத்தம் கொஞ்சம் உருண்டு திரண்டு வந்தது. நடுக்கம் நின்றது. அவர் தன் எவர்சில்வர் டம்ளரில் இருந்த தண்ணீரை ஏர் ஃபில்டர் மூடியின் மேல் வைக்கச் சொன்னார். தண்ணீரின் மேல் ஒரு வளையம்கூட இல்லை. டாக்டர் அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து சொல்லியிருந்தார். அன்றைய பங்கில் மிச்சமிருந்தது அந்த டம்ளர்தான். சோதனை முடிந்ததும் அதை எடுத்து நிதானமாகக் குடித்தார்.

"இன்னும் காது போயிறல," என்றார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரிப்பதை அன்றைக்குப் பார்த்தேன். எனக்கும் பெருமையாக இருந்தது. கைகளில் பெட்ரோல் வாசம் போகாமல் அன்று சமைத்தேன்.

ஒரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு நடுக்கம் திரும்பி வந்தது. "இன்னும் அரைச் சுத்து," என்றார். திருப்பினேன், நின்றது. மூன்றாவது முறை மூன்று வாரத்திலேயே வந்தது. நாலாவது முறை பத்து நாளில். ஒவ்வொரு முறையும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் கையை உயர்த்தியதும் நான் நிறுத்துவேன். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முதல் மூன்றும் கரி பிடித்து இருண்டிருந்தன. நாலாவது நல்ல செங்கல் நிறம். நாலாவது சரியானதே அவருக்குப் போதுமாக இருந்தது. மற்ற மூன்றையும் தேய்த்து மாட்டச் சொன்னார்.

எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் சொன்னாள்: "ஏனுங்கக்கா, உங்க வண்டி போனா எங்கூட்டுல கண்ணு எரியுதுங்க."

"பழைய வண்டி இல்ல சாமி, பொகை வரத்தான் செய்யும்," என்றேன்.

அந்த நாட்களில்தான் அவருக்குத் தலைவலி வர ஆரம்பித்தது. டயாலிசிஸ் முடிந்து வீடு வந்து சேரும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். வாந்தி எடுப்பார். சில நாள் எந்த வாசல் என்று தெரியாமல் பக்கத்து வீட்டுப் படியில் கால் வைப்பார். போகும்போது ஒன்றும் இருக்காது. காலைக் காற்று முகத்தில் அடிக்க, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நூல் விலை பற்றிப் பேசிக்கொண்டு வருவார். திரும்பும்போதுதான் எல்லாம். மிஷினில் படுத்து எழுந்தால் அவருக்குக் குளிர் நடுக்கம் வரும். துண்டைக் காதோடு சுற்றிக்கொண்டு, "கண்ணாடிய ஏத்து புள்ள," என்பார். நான்கு கண்ணாடியையும் ஏற்றிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் சொன்னோம். டயாலிசிஸ் செய்தவர்களுக்குத் தலைவலி, வாந்தி வருவது உண்டு என்றார்கள். மிஷின் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். அவர்கள் சொன்னதில் தவறொன்றும் இல்லை. வண்டியைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்க வேண்டிய அவசியமில்லை.

எனக்கும் தலை வலித்தது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பின்மண்டையில் யாரோ கட்டை விரலால் அழுத்துவதுபோல இருக்கும். காலையில் சாப்பிடாமல் ஓடுகிறோம், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை தறிக்கொட்டகைக்குள் போனவள், எந்தத் தறியை நிறுத்த வந்தேன் என்று தெரியாமல் நடுவில் நின்றேன். எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு தறியில் நூல் அறுந்து துணி வீணாகிக்கொண்டிருந்தது. அது என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தறி ஓட்டுகிற பெண் வந்து என் தோளைத் தொட்ட பிறகுதான் கை நீண்டது.

நடுவில் ஒரு வாரம் பேட்டரி போய்விட்டது. பஸ்ஸில் போனோம். திரும்பும்போது கொங்கணாபுரம்வரை அவருக்கு உட்கார இடம் சரியாகக் கிடைக்கவில்லை, என் மேல் சாய்ந்துகொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தலைவலி இல்லை. வெள்ளிக்கிழமையும் இல்லை.

"படுத்துட்டு வர்றதுனாலதான் தல வலிக்குது போல," என்றார். "உக்காந்து வந்தா ஒண்ணுமில்ல பாரு."

அதை நான் நம்பினேன். அடுத்த வாரம் புது பேட்டரி போட்டதும் காரிலேயே போனோம். உட்கார்ந்துதான் வந்தார். மகுடஞ்சாவடி தாண்டுவதற்குள் தலை தொங்கிவிட்டது. அப்போதாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சீக்குக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தால் எது நடந்தாலும் அதைச் சீக்கின் கணக்கில்தான் போடத் தோன்றும்.

வண்டியை மட்டும் ஒருமுறை, அவருக்குத் தெரியாமல், சங்ககிரி ரோட்டில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஐம்பது வயதிருக்கும். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டார். முகத்தைச் சுளித்தார்.

"பொகை வாசம் ரொம்ப இருக்குதுங்க. ரெண்டு நாள் உட்டுட்டுப் போங்க, பிரிச்சுப் பாக்கோணும்."

அது வியாழக்கிழமை. அடுத்த நாள் டயாலிசிஸ். பிறகு கொண்டுவருகிறேன் என்று திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொன்னபோது அவர் முகம் கறுத்துவிட்டது.

"நான் உசிரோட இருக்கறப்ப அதுக்கு எதுக்கு இன்னொருத்தன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது முறையாகத் திருகைத் திருப்பினேன்.

செவ்வாய்க்கிழமை சேலத்தில் கிளம்பும்போதே மழை. நான்கு கண்ணாடியும் மேலே. அவர் துண்டுக்குள் சுருண்டு படுத்திருந்தார். ஹைவேயில் ஏறி, மகுடஞ்சாவடி பிரிவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லா வண்டிகளும் நின்றிருந்தன. முன்னால் ஏதோ லாரி கவிழ்ந்துவிட்டது என்று பக்கத்து வண்டிக்காரர் சைகையில் சொன்னார். எனக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி. எஞ்சினை அணைக்கலாமா என்று நினைத்தேன். சூட்டில் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆவது அப்போதெல்லாம் பெரும்பாடு. எஞ்சினுக்குள் பெட்ரோல் நிறைந்துவிடும். அணைக்க வேண்டாம் என்று அவரும் சொல்லியிருந்தார். அதனால் ஓடவிட்டேன்.

வண்டி கொஞ்சமும் நடுங்கவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மழையில் நின்றுகொண்டு, புது வண்டிபோல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அரை மணி நேரமா, அதற்கும் மேலா தெரியாது. முன்னால் இருந்த லாரியின் நம்பர் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வைப்பர் போகிற பக்கமே என் கண்ணும் போய் வந்தது. ஒருமுறை, "ஏனுங்க, குளுருதுங்களா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் கழுத்தைத் திருப்புவது பெரிய வேலையாகத் தோன்றியது. கன்டெய்னர் லாரி நகர்ந்து போனது. எனக்கு முன்னால் காலி ரோடு. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அது எனக்கென்று புரிந்தது. காலை நகர்த்த வேண்டும் என்றும் தெரிந்தது. காலுக்கு அது போய்ச் சேரவில்லை. எனக்குப் பயமே இல்லை. பிற்பாடு யோசிக்கும்போது அதுதான் என்னைக் கலங்கடித்தது.

பின்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"ஏனுங்கக்கா, வண்டிய எடுங்க, ரோடு உட்டாச்சு."

அவரைப் பார்த்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் கதவைத் திறந்தார். திறந்ததும் ஒரு அடி பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கையை உள்ளே விட்டு முதலில் சாவியைத் திருப்பி அணைத்தார். என் கையைப் பிடித்து இழுத்து மழையில் நிறுத்தினார். என்னால் நிற்க முடியவில்லை, தார் ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். மழைத்தண்ணீர் முகத்தில் விழ விழத்தான் பின்சீட்டு நினைவு வந்தது.

"உள்ள அவரு இருக்காருங்க," என்றேன்.

அந்த டிரைவரும் இன்னொருவரும் அவரைத் தூக்கி வெளியே கிடத்தினார்கள். கன்னத்தில் தட்டினார்கள். கண் திறக்கவில்லை. மூச்சு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ரொம்ப நேரம் ஆயிற்று. எதிர்ப்பக்கம் சேலம் போகிற ரோட்டில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. டிரைவர் நடுத்தடுப்பைத் தாண்டி ஓடி, கையை விரித்து நின்று, திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து முட்டை ஏற்றி வந்த வேன் ஒன்றை நிறுத்தினார். முட்டை அட்டைகளுக்குப் பக்கத்தில் அவரைக் கிடத்தினார்கள். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வேனின் பின்பக்கம் திறந்தே இருந்தது. மழைச்சாரல் உள்ளே அடித்தது. அவருக்குக் குளிருமே என்று அப்போதும் முந்தானையால் மூடினேன்.

ஆஸ்பத்திரியில் முகமூடிபோல ஒன்றை அவர் மூக்கிலும் வாயிலும் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, உங்களுக்கும் அவருக்கும் ஒரே நேரத்துல இப்படி ஆகியிருக்கு. வண்டி ஓடிட்டிருந்துச்சா? கண்ணாடி மூடியிருந்துச்சா?"

"ஆமாங்க."

"இதுக்கு முன்னாடி தலைவலி இருந்துச்சா? வண்டியில போயிட்டு வந்தா?"

நான் வாயைத் திறந்தேன். மூன்று மாதத்துச் செவ்வாயும் வெள்ளியும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு முன்னால் வந்து நின்றன. பஸ்ஸில் போன அந்த வாரமும் வந்தது. "ஆமாங்க," என்று மட்டும் சொன்னேன். எஞ்சின் புகையில் வாசமே இல்லாத ஒரு விஷவாயு இருக்கிறது, அது ரத்தத்தில் ஆக்ஸிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். கிட்னி சரியில்லாதவருக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு, அதனால் அவரை முதலில் சாய்த்துவிட்டது என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் கண் திறந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. தண்ணீர் கேட்டார்.

நான்காம் நாள் நான் மட்டும் சங்ககிரி ரோட்டு மெக்கானிக்கிடம் போனேன். நான் போனில் சொன்னதும் ரோட்டோரம் நின்ற வண்டியை அவர்தான் கட்டி இழுத்து வந்திருந்தார். நான் போனதும் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். பட்டறை நாலாபுறமும் திறந்துதான் இருந்தது. இருந்தாலும் நான் தள்ளியே நின்றேன். அவர் ஒரு ஊசிக்குழாயில் தண்ணீர் எடுத்து, எஞ்சினும் அதன் பக்கத்துக் குழாய்களும் சேரும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். நாலாவது சிலிண்டரிடம் வந்ததும் எஞ்சினின் சத்தம் ஒரு நொடி மாறியது. மறுபடி விட்டார், மறுபடி மாறியது.

"இங்கதானுங்க. காத்து உள்ள போற குழாய்க்கும் பொகை வெளிய வர்ற குழாய்க்கும் இந்த வண்டில சந்த அடைக்கிற கேஸ்கெட் ஒண்ணுதான். அது இந்த ஓரத்துல கருகிப் போச்சு. அக்கட்ட காத்த இழுத்திருக்குது, இக்கட்ட பொகையத் தள்ளியிருக்குது."

எஞ்சின் மேல் மை தீட்டியதுபோல ஒரு கறுப்புக் கோடு இருந்தது. அது நேராகப் போய், எஞ்சினுக்கும் நாங்கள் உட்காரும் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஒரு ஓட்டையில் முடிந்தது. ஒயர்கள் நுழைந்து போகிற ஓட்டை. அதைச் சுற்றி இருந்த ரப்பர் காய்ந்து உதிர்ந்திருந்தது. அதன் வழியாகத்தான் புகை உள்ளே வந்திருக்கிறது. 'டிக் டிக்' சத்தம் டேப்பட் இல்லை, அந்தச் சந்தில் புகை துப்புகிற சத்தம் என்றார்.

"அப்ப நடுக்கம்?"

"கூடக் காத்து சேந்ததுனால நடுங்கியிருக்குதுங்க. நீங்க அதுக்குப் பெட்ரோலக் கூட்டிக் கூட்டி அமுக்கியிருக்கீங்க. நடுக்கம் நின்னுருச்சு, பொகை வெஷமாயிருச்சு."

பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை வைத்து மிக்ஸர் ஸ்க்ரூவை உள்ளே திருக ஆரம்பித்தார். வாய்விட்டு எண்ணினார். அரை, ஒண்ணு, ஒண்ணரை. நானும் மனதுக்குள் எண்ணினேன். ஒவ்வொரு அரையும் எந்த நாள் என்று எனக்குத் தெரிந்தது. நாலில் போய் முட்டி நின்றது.

"ஒண்ணரைல இருக்கோணும்," என்றார்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார். நடந்தார், சாப்பிட்டார், தறிச் சத்தத்தைக் கேட்டுக் குறை சொன்னார். ஆனால் அந்த மூன்று நான்கு மாதங்கள் அவரிடம் இல்லை. முப்பது வருடத்துக்கு முன்னால் வாங்கிய தறி உதிரியின் அளவு தெரிந்தது, போன மாதம் தெரியவில்லை. புதிதாகச் சொல்வதும் சில நாள்தான் தங்கியது. சிலருக்குத் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது என்றார் டாக்டர்.

மெக்கானிக் வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்து விட்டபோது, நாலு சுற்று வெளியே இருந்தது என்பதையும் என் வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டுப் போனார். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மிக்ஸர் ஸ்க்ரூவ ஆரு இத்தன வெளிய திருப்புனது?"

"நாந்தானுங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம அதுல கைவெக்கலாமா புள்ள?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் சொல்லித்தான் செய்தேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. திருப்பியது என் கைதான், அது பொய்யில்லை. அதோடு, அவருக்கு மிச்சமிருந்தது அந்தக் காது ஒன்றுதான். அடுத்த மாதத்துக்குள் இதே கேள்வியை நான்கைந்து முறை கேட்டுவிட்டார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோபப்பட்டார். ஒவ்வொரு முறையும் நான் அதே பதிலைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததே நான் கற்பனை செய்ததோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். பள்ளிபாளையத்திலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பழைய வண்டி மேல் ஆசை உள்ளவர். கூட மனைவி, இடுப்பில் கைக்குழந்தை. என் வீட்டுக்காரர் எழுந்து போய், பானட்டைத் தட்டி, திறக்கச் சொல்லித் தானே காட்டினார். எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது.

"முன்ன ஏதாச்சும் கம்ப்ளெயிண்ட் இருந்துச்சுங்களா?" என்று வந்தவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. ஐடில் சித்தெ நடுங்குச்சு. என்ற ஊட்டுக்காரி தெரியாம ஸ்க்ரூவத் திருப்பிட்டா. இப்ப செரி பண்ணியாச்சு."

அந்தப் பெண் பின்கதவைத் திறந்து, குழந்தையைச் சீட்டில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் தலை வைத்துப் படுத்த அதே மூலையில். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

"கொழந்தைய எடுத்துக்குங்க சாமி," என்றேன். "நடந்ததச் சொல்லிப் போடறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். கேஸ்கெட், ஓட்டை, தலைவலி, ஹைவே, முட்டை வேன். இப்போது எல்லாம் மாற்றியாகிவிட்டது, ஆனாலும் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்றேன். திருகைப் பற்றிச் சொல்லும்போது அவர் பக்கம் பார்க்காமல் சொன்னேன்: "அவரு சத்தத்தக் கேட்டுச் சொன்னாருங்க, நான் திருப்புனேன். அஞ்சு தடவ."

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கே போய்விட்டாள். அவள் கணவர் கொஞ்ச நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். "யோசிச்சுச் சொல்றேனுங்க," என்று கிளம்பினார். அவர் மறுபடி வரவில்லை. வண்டி பிறகு உதிரிக்காக ஒருவரிடம் போயிற்று.

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாந்தான் சொன்னேனா?"

"ஆமாங்க."

"அஞ்சு தடவையுமா?"

"ஆமாங்க."

கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "உனக்கும் தல வலிச்சுதா?"

"வலிச்சுதுங்க."

"அத ஏம்புள்ள எங்கிட்டச் சொல்லல?"



இப்போது பஸ்ஸில்தான் போய் வருகிறோம். காலையில் கூட்டம் இருக்காது, ஜன்னலோரம் உட்காரவைத்துவிடுவேன். போன வெள்ளிக்கிழமை கொங்கணாபுரத்தில் பஸ் நின்றபோது வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி, "நம்ம வண்டி எங்க புள்ள? எதுக்குப் பஸ்ல போறோம்?" என்றார். நான் முதலிலிருந்து சொன்னேன். வெளுத்த பிளக், அரைச் சுற்று, மழை. முதல்முறை கேட்பவர்போல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மகுடஞ்சாவடி தாண்டியது. சொல்லி முடித்ததும் என் கைமேல் கையை வைத்தார்.

"உனக்கும் தல வலிச்சுதா?" என்று கேட்டார்.